நான்காம் வரிசைக் கோடு

அவளுக்கு வேலைத்தளங்களில் நூலக்கா என்று பெயர். டைல்ஸ் ஒட்டுகிறவள். நூல் கட்டாமல் ஒரு கல்லைக்கூட வைக்க மாட்டாள். "பரவாயில்லக்கா, யார் கண்ணுக்குத் தெரியப்போகுது" என்று யாராவது சொன்னால், "என் கண்ணுக்குத் தெரியுதே" என்று ஒட்டியதைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவாள்.

அந்தக் கண்ணில்தான் அடி விழுந்தது. அடித்தது வேறு யாருமல்ல, அவள் கணவரின் தம்பி. அவன் ப்ளம்பர். ஒரே குளியலறையில் அவன் துருப்பிடித்த குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் பின்னால் குந்தி உட்கார்ந்து பசை கலக்கிக்கொண்டிருந்தாள். இறுகிக் கிடந்த குழாய் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றது. அவன் முழங்கை பின்னால் பாய்ந்து அவளுடைய இடது கண்ணில் இடித்தது.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "கண்ணு நல்லா இருக்கும்மா. அது உட்கார்ந்திருக்கிற குழியோட தரை உடைஞ்சிருக்கு. காகித கனம்தான் அந்த எலும்பு."

"தரைன்னா என் வேலைதான். ஆனா மேலே பார்த்தா எனக்கு எல்லாமே ரெண்டா தெரியுதே?"

"வீக்கத்தாலயும் அப்படித் தெரியலாம். வடிஞ்சு சரியாயிட்டே வந்தா கத்தி வேண்டாம். அப்படியே நின்னுட்டா ரெண்டு வாரத்துக்குள்ள ஆபரேஷன் செஞ்சிடணும். பத்தாம் நாள் கட்டாயம் வாங்க."

'சரியாயிட்டே வந்தா' என்பதெல்லாம் நூலக்காவுக்குப் போதாது. எவ்வளவு என்று தெரிய வேண்டும். வீட்டுக் குளியலறைச் சுவரில் அவளே ஒட்டிய டைல்ஸ், தரையிலிருந்து கூரைவரை எட்டு வரிசை. எதிர்ச்சுவரோரம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கீழேயிருந்து ஒவ்வொரு வரிசைக் கோடாகப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்றாம் வரிசைவரை ஒன்றாகத் தெரிந்த கோடு நான்காம் வரிசையில் இரண்டாகப் பிரிந்தது. அங்கே பென்சிலால் ஒரு கீறல், பக்கத்தில் நாள்.

தினமும் காலையில் அதே வாளி, அதே இடம். ஐந்தாம் நாள் கீறல் ஐந்தாம் வரிசைக்கு ஏறியது. ஏழாம் நாள் ஆறு. ஒன்பதாம் நாள் ஏழாம் வரிசையைத் தொட்டது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எதற்கு வீண் அலைச்சல், போகப்போவதில்லை என்று வீட்டில் அறிவித்தாள்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தான். அடித்த நாளிலிருந்து நாள் தவறாமல் பழமும் கையுமாக வந்துகொண்டிருந்தான். அண்ணி சுவரைக் காட்டிப் பெருமையாக உட்கார்ந்து அளந்தாள்.

"அண்ணி, என்ன விமானம் பார்க்கிறீங்களா?"

"கிண்டல் பண்ணினா பழத்தை நீயே தின்னுட்டுப் போ."

"இல்ல அண்ணி, மோவாய் ஆகாசத்துல நிக்குது. தலையைப் பின்னால சாய்ச்சிருக்கீங்க."

"என் மட்டத்துல குறை சொல்றியா? உன் குழாய்ல ஒண்ணாவது நேரா இருக்கா?"

"குழாய் கோணலா இருந்தாலும் தண்ணி வருது. உங்க தலை கோணலா இருந்தா கோடு பொய் சொல்லுது."

அவள் தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அந்த ரசமட்டத்தை எடு" என்றாள்.

மட்டம் காட்டும் குமிழி ஓடும் அந்தச் சட்டத்தை அவன் கண்ணின் ஓரத்திலிருந்து காதுவரை ஒட்டிப் பிடித்தான். குமிழி நடுவுக்கு வரும்வரை அவள் தலையை இறக்கினாள். பிறகு கண்ணை மட்டும் ஏழாம் வரிசைக்கு உயர்த்தி, அங்கிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். ஏழில் இரண்டு, ஆறில் இரண்டு, ஐந்தில் இரண்டு. நான்கிலும் இரண்டு.

ஒன்பது நாளாகக் கண் ஒரு விரற்கடைகூட முன்னேறவில்லை. கோட்டைச் சேர்த்துப் பார்க்கும் ஆசையில், கண் ஏற வேண்டிய உயரத்துக்குக் கழுத்துதான் நாளுக்கு நாள் வளைந்து கொடுத்திருக்கிறது. ஊரார் ஒட்டியதில் ஒரு நூல் பிசகைக் கண்டுபிடிக்கிறவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளா நிக்கணும்" என்றாள். "நீயும் வா. அடிச்சவன்தானே."

பத்தாம் நாள் டாக்டரம்மா தாடையை ஒரு தாங்கியில் அசையாமல் வைக்கச் சொல்லி, கட்டம் போட்ட திரையில் சோதித்தார். இடது கண் மேலே ஏற மறுத்தது. கண்ணைத் திருப்பும் தசை, உடைந்த தரையின் விரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு காலத்துல உடைஞ்சாலே உடனே அறுத்தாங்க. அப்புறம் மாசக்கணக்கா காத்திருந்து பார்த்தாங்க. இப்ப ஆளைப் பார்த்து முடிவு பண்றோம். சின்னப் பிள்ளைங்களுக்குத் தசை மாட்டினா ஓரிரு நாள்லயே செஞ்சிடுவோம். பெரியவங்கன்னா வீக்கம் வடியட்டும்னு கொஞ்சம் பார்க்கலாம். ரொம்பத் தள்ளிப்போனா தழும்பு பிடிச்சு ஒட்டிக்கும், பிரிக்கிறது பெரும்பாடு."

"பசை இறுகுறதுக்குள்ள கல்லை நகர்த்திடணும். இறுகிட்டா உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றாள் நூலக்கா.

"அதேதான். நீங்க வராம இருந்திருந்தா இறுகியிருக்கும்."

பன்னிரண்டாம் நாள் அறுவை. மயக்க மருந்து ஏறுவதற்கு முன் அவள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, உடைஞ்ச தரைமேல தகடு வைக்கிறப்போ மட்டம் பார்த்து வைங்க." முகமூடிக்குப் பின்னால் எல்லாரும் சிரித்தார்கள்.

கட்டுப் பிரித்ததும் எல்லாம் நேராகிவிடவில்லை. முதல் வாரம் கோடு ஐந்தில் பிரிந்தது. கண்ணுக்குச் சொல்லித்தந்த பயிற்சியை அவள் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. கொழுந்தனும் ரசமட்டம் பிடிக்கத் தவறவில்லை. குமிழி மயிரிழை நகர்ந்தாலும் "செல்லாது அண்ணி, திரும்பப் பாருங்க" என்று அதிகாரம் செய்தான். ஆறு, ஏழு. ஆறாம் வாரம் எட்டாம் வரிசையும் கூரை விளிம்பும் ஒற்றைக் கோடாக நின்றன. "நல்லாப் பாருங்க அண்ணி" என்றான் அவன். அவள் மூன்று முறை பார்த்தாள். ஒன்றுதான். அவன் ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அதற்கு அடுத்த மாதம், டாக்டரம்மா சரி என்றபின், ஒரு மாடிப்படிச் சுவர் வேலை வந்தது. இரண்டு மாடி உயரம், அண்ணாந்து பார்த்து ஒட்ட வேண்டிய வேலை. இரண்டு பேர் பார்த்துவிட்டுக் கைவிரித்துப் போன சுவர். நூலக்கா சாரத்தில் ஏறினாள். பதினோரு நாள் ஒட்டினாள். கடைசி வரிசையைக் கண்ணை உயர்த்தித்தான் ஒட்டினாள், கழுத்தை வளைத்து அல்ல.

மேஸ்திரி கீழேயிருந்து வெகுநேரம் பார்த்தார். குறை சொல்லிப் பழகிய மனிதர். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"சாரத்தைப் பிரிக்கச் சொல்லட்டுமா? இல்ல, இன்னொரு தடவை பார்க்கணுமா?"

"பிரிச்சிடுங்க" என்று மேலிருந்து குரல் கொடுத்தாள். "தொட வேண்டியது ஒண்ணுமில்ல."