பருத்திப்பட்டு நேயர்களின் கருத்து

ரேடியோவில் என் மகள் பேசுகிறாள் என்பதை ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. பட்டணத்தில் என் தம்பி வீட்டில் தங்கி, ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை. ரேடியோ நிலையமும் ஓர் ஆபீஸ்தானே. கல்யாணமாகாத பெண்ணின் குரலை ஊரே கூடி உட்கார்ந்து கேட்கிறது என்று தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயம் எனக்கு. அவள் அப்பா இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவாக இருபது வருஷம் பிள்ளைகளை அதட்டியவள்தான்; ஆனால் என் பெண் விஷயத்தில் எனக்குத் தைரியம் என்பதே கிடையாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பருத்திப்பட்டுச் சாவடியில் சர்க்கார் கொடுத்த ரேடியோ ஒன்று இருந்தது. பூட்டுப் போட்ட மரப்பெட்டி, சாவி மணியக்காரரிடம். மாலை ஆறு மணிக்கு அவர் வந்து பெட்டியைத் திறந்து குமிழைத் திருகினால் சென்னை நிலையம் வரும். வேறு நிலையம் வராது, வைக்கவும் முடியாது. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மணியக்காரருக்குக் காது மந்தம், ஆகையால் கூட்டுவது மட்டும்தான் நடந்தது.

ஜனங்கள் வருவது யுத்தச் செய்தி கேட்க. செய்திக்கு முந்தின அரை மணி நேரம், புதன்கிழமைதோறும், 'பிற தேசத்துச் சங்கீதம்'. செய்தி ஆரம்பித்த பிறகு வந்தால் உட்கார இடம் கிடைக்காது. அதனால் எல்லோரும் முன்கூட்டியே வந்து இடம் பிடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் எகிப்து, ஸ்பெயின், ஸ்காட்லாந்து என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். கேட்டபடியே வைதார்கள்.

"யாராச்சும் அந்தம்மாளுக்குத் தண்ணி குடுங்கப்பா, தொண்டை கிழிஞ்சிடப் போவுது" என்பார் ஏரி மதகு திறப்பவர், இத்தாலி தேசத்துப் பாடகியைப் பற்றி.

ஸ்காட்லாந்துப் பைவாத்தியம் வந்தால் பூந்தமல்லிச் சந்தைக்கு வண்டி ஓட்டுகிறவர் எழுந்தே விடுவார். "ஆட்டுக்குட்டிய மூட்டையில போட்டு அமுக்கறான் மாமே! கேக்கறதுக்கு ஆளில்லயா?"

இதெல்லாம் என்னைப் பாதிக்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரன் எனக்கு உறவில்லை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே என் மகள் வருவாள். எங்கே எந்த நாடு இருக்கிறது, வாத்தியம் எந்த மரத்தால் செய்தது என்று விளக்குவாள். வீட்டில் அவள் பேசுகிற பேச்சே வேறு. சிரிக்கத் தொடங்கினால் முதலில் விக்கல் மாதிரி ஒன்று வரும், பிறகு அடக்கவே முடியாது. ரேடியோவில் அதெல்லாம் இல்லை. கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பது போல ஒரு குரல்.

"பாட்டக் கூடத் தாங்கிக்கலாம், இந்தப் பொண்ணு பேசறத்தத்தான் தாங்க முடியல" என்றாள் ஆவடிப் பட்டாள முகாமுக்குத் தயிர் கொண்டுபோகிற அம்மாள். "மூக்க அடைச்சிக்கினு பேசுது. ஊட்ல யாரும் கஷாயம் வச்சித் தர மாட்டாங்களா?"

அன்றிரவே சுக்கும் மிளகும் பொடித்துக் கட்டி வைத்து, மறுநாள் என் தம்பிக்கு அனுப்பினேன்.

மாதத்துக்கு ஒருமுறை நிலையத்திலிருந்து ஒரு படிவம் வரும். நேயர்கள் என்ன சொல்கிறார்கள், இன்ன தொழில் செய்கிறவர் சொன்னது என்று எழுதி அனுப்ப வேண்டும். மணியக்காரர் கையெழுத்து மட்டும் போடுவார். எழுதுவது வாத்தியாரம்மா.

முதல் மாதம் நான் பொய் எழுதவில்லை. கொஞ்சம் இஸ்திரி போட்டேன், அவ்வளவுதான். 'மூக்கடைப்பு' என்பதை 'கனமான குரல்' என்று எழுதினேன். இரண்டாம் மாதக் கடைசியில் மகளிடமிருந்து கடிதம் வந்தது. நிகழ்ச்சி மூன்று மாதத்துக்குத்தான் சோதனையாக அனுமதித்திருக்கிறார்களாம். கிராமத்துப் படிவங்கள் நன்றாக இல்லையென்றால் நிறுத்திவிட்டு, அந்த அரை மணியில் எருவைப் பற்றி ஒருவரைப் பேச வைப்பார்களாம். அவளையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களாம். "எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அம்மா" என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில் மை பரவியிருந்தது. அவள் அழுதாளா, கை பட்டதா என்று தெரியாமல் இரண்டு நாள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றாம் மாதப் படிவத்தை உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுதக் கை தானாக ஓடியது. மதகு திறப்பவர் கூறுவது: 'ஸ்பெயின் தேசத்து இசை கேட்கையில் என் உள்ளம் நிலவொளியில் நனைந்த தடாகமெனத் ததும்புகிறது.' தயிர் விற்கும் அம்மாள் கூறுவது: 'அறிவிப்பாளரின் சொல் ஒவ்வொன்றும் முத்து. அவருக்குக் கூடுதல் நேரம் அளிக்க வேண்டுகிறேன்.' வண்டி ஓட்டுபவருக்கு என்ன எழுதுவது என்று தோன்றாமல், 'என் காளைகளும் இந்நிகழ்ச்சியை விரும்பிக் கேட்கின்றன' என்று முடித்தேன். மணியக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

படிவம் ஆபீசுக்குப் போகும், அங்கே கட்டாகக் கட்டி அலமாரியில் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த புதன்கிழமை நிகழ்ச்சி ஆரம்பித்ததும் என் மகள் சொன்னாள்: "இன்று கிராமத்து நேயர்களின் கருத்துகளை வாசிக்கிறோம். முதலாவதாக, பருத்திப்பட்டு."

சாவடியில் ஒரே ஆரவாரம். "நம்ம ஊரு! நம்ம ஊரச் சொல்லுது!" பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். நான் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். வழியில்லை.

"ஏரி மதகு திறப்பவர் கூறுவதாவது" என்று வாசித்தாள். நிலவொளி வந்தது. தடாகம் வந்தது.

மதகு திறப்பவர் வாயைத் திறந்தபடி பெட்டியைப் பார்த்தார். "நானா?"

"தடாகமாம்யா! ஏரியாண்டயே கெடந்துகினு, நீ குளிச்சி எத்தினி நாளாச்சி?" என்றார் வண்டிக்காரர். கூட்டம் சிரித்தது.

அடுத்தது தயிர்க்கார அம்மாள். முத்து வரையில் அவள் பொறுத்துக்கொண்டாள். 'கூடுதல் நேரம்' என்றதும் எழுந்து நின்றாள். "இன்னாது, கூடுதல் நேரமா? நான் கேட்டனா? இருக்கற அரை மணிக்கே எனக்கு இடுப்பு உட்டுப் போவுது!"

ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர். 'ததும்புகிறது' என்று எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான்.

அதற்குள் ரேடியோவில் காளைகள் வந்துவிட்டன. 'விரும்பிக் கேட்கின்றன' என்று வாசித்தவள் நின்றாள். விக்கல் மாதிரி ஒன்று வந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து என் மகள் சிரித்தாள். நிறுத்த முயன்றாள், மறுபடி சிரித்தாள், மன்னிக்க வேண்டும் என்றாள், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யாரோ அவசரமாக ஒரு கிராமபோன் தட்டைப் போட்டார்கள்.

போச்சு, வேலை போச்சு என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தயிர்க்கார அம்மாள் என் எதிரில் வந்து குந்தினாள். "வாத்தியாரம்மா, இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். லீவுக்கு வரச்சொல்லோ தயிர் வாங்க வந்து, என் பானைய எட்டிப் பாத்து இப்டித்தான் சிரிக்கும். உன் பொண்ணா அது?"

மறைக்கத் தெம்பில்லை. மூன்று மாதக் கெடு, எரு, மை பரவிய கடிதம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

பெட்டியில் ஸ்பெயின் தேசத்துக் கிதார் ஓடிக்கொண்டிருந்தது.

"எருவப் பத்திப் பேசுவானாமா?" என்றார் மதகு திறப்பவர். அவருக்கு அந்த ஒரு விஷயம்தான் பதிந்திருந்தது. "பட்டணத்துல குந்திக்கினு எனக்கு எருவச் சொல்லித் தருவானா? இந்தக் கத்தலே தேவல. எங்க அந்தக் காயிதம்? நாங்க சொல்றத்த அப்டியே எழுது. ஒரு எழுத்து மாத்தக் கூடாது, ஆமா."

யுத்தச் செய்தியை அன்று யாரும் கேட்கவில்லை. படிவம் இல்லாததால் மணியக்காரரின் காகிதத்தில் எழுதினேன். மதகு திறப்பவர் சொன்னது: எகிப்துப் பாட்டு ஒண்ணு, மதகு தூக்கறச்சே கைக்குத் தோதா வருது, அத்த இன்னொரு தபா போடணும், இத்தாலி அம்மா வேணாம். தயிர்க்கார அம்மாள் சொன்னது: பொண்ணு மூக்கடைச்சிக்கினு பேசறத உட்டுட்டு, இன்னிக்கி சிரிச்ச மாதிரி சிரிச்சா நல்லா கீது. வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "காள விசயம் மட்டும் மெய்யாலுமே நெசம்தான், வாத்தியாரம்மா. வண்டிய இங்க நிறுத்தி வச்சா, அந்த மூட்ட அமுக்கற பாட்டுக்குக் காத ஆட்டுதுங்க. அத்த அப்டியே வச்சிக்கோ."

'மூக்கடைச்சிக்கினு' என்று என் கையாலேயே எழுதினேன். மணியக்காரர் இந்தத் தடவை முழுவதையும் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. உறையைப் பிரித்துப் படிக்கப் பயந்து பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கொடுத்தேன். பாதியில் அவர் சிரித்ததால்தான் எனக்கு மூச்சு வந்தது. முதல் படிவத்திலேயே என் எழுத்தை அவள் கண்டுகொண்டாளாம்; ஆனால் காளைகளை வாசித்த அன்று மேலதிகாரி பக்கத்தில் நின்றதால் வாசிக்காமல் இருக்க முடியவில்லையாம். சிரித்ததற்கு நல்ல திட்டு விழுந்ததாம். பிறகு சாவடியில் எழுதிய காகிதம் போயிருக்கிறது. மேலதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இவர்கள்தான் உண்மையாகக் கேட்டிருக்கிறார்கள்" என்று சொல்லி இன்னும் ஆறு மாதம் கொடுத்தாராம்.

அடுத்த புதன்கிழமை மணியக்காரர் குமிழைத் திருகுமுன்பே நான் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். எகிப்துப் பாட்டு மறுபடி வந்தது. என் மகள் ஒட்டகத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"இப்ப ரொம்ப சிரிக்குது" என்றாள் தயிர்க்கார அம்மாள். "எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.