வளைந்து பூத்த மழை லில்லி

ரப்பர் தோட்டத்தில் ஆறு வீடு ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னால், மண்மேட்டின் அடியில் ஒரு வரிசை மழை லில்லி வைத்திருந்தேன். மழை இல்லாத நாளில் அது வெறும் புல். தெரியாமல் யாராவது மிதித்துவிட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். நல்ல மழை பெய்து ஓய்ந்த மூன்றாம் நாள், மலையிலிருந்து மூடுபனி இறங்கும் வேளையில், வெள்ளை வெள்ளையாய் எல்லாம் ஒரே நேரத்தில் விரியும். ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால்வெட்டு கிடையாது. வேலையில்லாத அந்தக் காலைகளில் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றிருப்பேன். பனி எது, பூ எது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

கிழங்கு நட்ட அன்று என் வீட்டுக்காரரைக் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க வைத்தேன்.

"இது என்னா ரப்பர் கன்னா, கயிறு புடிச்சு நடுறதுக்கு?" என்று சிரித்தார்.

தோட்டத்தில் பழகிய கைக்கு வேறெப்படி நட வரும்? முளைக்குச்சி அடித்து, கயிறு இழுத்து, சாணுக்கு ஒரு கிழங்கு. ஆறு வீட்டின் நீளத்துக்கும் ஒரே கோடு. பூக்கிற நாளில் கோயிலுக்கு ஒரு கை, பௌர்ணமிப் போயா என்றால் விகாரைக்குப் போகும், கீழே இருக்கும் சிங்கள அக்காவின் பூத்தட்டுக்கு ஒரு கை பறித்துக் கொடுப்பேன்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. இடையில் இரண்டு நாள் வானம் வெளித்தது, மூன்றாம் நாள் காலையில் பூவும் விரிந்திருந்தது. போய்ப் பார்த்தேன். கடைசி வீட்டுக்குப் பின்னால் வரிசை கீழ்ப்பக்கமாக வளைந்து கிடந்தது. முதலில் அழகாகத்தான் இருந்தது, ஓடை திரும்புவது மாதிரி. அப்புறம்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

கடைசி வீட்டில் இருந்தவள் வாழ வந்த சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. தண்ணீர் ஓட அங்கே கான் வெட்ட வேண்டும் என்று முந்தின வாரம்தான் கேட்டிருந்தாள்.

"ஏண்டி, என் பூவப் புடுங்கி மாத்தி நட்டியா?"

"சத்தியமா நான் தொடலக்கா!"

"பொய் சொல்லாத! கான் வெட்டணும்னு நீதானே குதிச்ச?"

அவள் அழுதுகொண்டே உள்ளே போய்க் கதவை அறைந்தாள். கதவு சாத்தவில்லை. தோளால் தள்ளினாள், அப்போதும் சாத்தவில்லை.

"ரெண்டு நாளா இந்தக் கதவும் என்னோட சண்டை போடுது!" என்றாள்.

நிலையைப் பார்த்தேன், கோணலாகச் சாய்ந்திருந்தது. திரும்பிப் போய்க் குனிந்து பார்த்தேன். கிழங்கைச் சுற்றிப் பாசிகூடக் கலையவில்லை. சாண் இடைவெளியும் மாறவில்லை. மண்ணே பூவோடு நகர்ந்திருந்தது. மேலே ஏறிப் புதரை விலக்கினால், என் கால் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்திருந்தது.

ஓடி வந்தேன். "மண்ணு சரியப் போவுது, புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வா!"

"என்னைத் துரத்தத்தானே இப்ப இந்தக் கதை? போங்க, நான் வரல."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நேரத்தில் நான் சொன்னதை யார் நம்புவார்கள்? பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அறியாத நான், அவள் வாசற்படியில் விழுந்து காலைப் பிடித்தேன்.

"நீ தொடலம்மா. என் புத்திதான் கெட்டுப்போச்சு. எவ்வளவு வேணும்னாலும் என்னைத் திட்டு. பாதைக்கு அந்தப் பக்கம் ஸ்கூலுக்கு வந்து, அங்க வச்சுத் திட்டு. இப்ப வெளிய வா!"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், சேலைத் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்தாள். அதற்குள் என் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மற்ற வீடுகளைத் தட்டி எல்லோரையும் கிளப்பியிருந்தார்.

பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பகல் மூன்று மணியிருக்கும், லொறியில் கல் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. லயத்தின் கடைசி இரண்டு வீடுகளும் போய்விட்டன. அவள் வீட்டில் தொட்டில் கட்டியிருந்த உத்தரம்வரை மண் நின்றது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

அதுவரை அவள் என்னோடு பேசவில்லை. எழுந்து வந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். அப்புறம் எதிரே உட்கார்ந்து, எல்லோரும் கேட்க என்னைத் திட்டத் தொடங்கினாள். பிள்ளையின் மூச்சு என் கையில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.