ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும்

அப்பாவின் பழைய அமெரிக்க காரை வாங்க இன்று ஒருவர் எங்கள் லிங்கராஜபுரம் வீட்டுக்கு வந்தார். கூரையை மடக்கித் திறக்கிற கார். எங்கள் தெருவில் பாதிப் பேர் கல்யாணத்தன்று மாதா கோயிலுக்கு அதில்தான் போனார்கள்.

அவர் பேரமே பேசவில்லை. "கேட்ட ரேட்டே குடுக்கறேன் மேடம்."

"எங்க ஓட்டுவீங்க?" என்றேன்.

"ஓட்டறதா? வைட்ஃபீல்டுல நம்ம பப்புல நிறுத்தப் போறேன். இன்ஜினைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ஐஸ் கொட்டி பீர் அடுக்குவோம்."

உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே உறுமியது.

"கேட்டுச்சா சார்? இது உயிரோட இருக்கு. நீங்க கெளம்புங்க."

கார் இன்னும் விற்பனைக்குத்தான் இருக்கிறது. வாங்குகிறவர் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அதில் ஒரு சுற்றுப் போக வருகிறவர்கள் கீழே கமென்ட்டில் சொல்லுங்கள். கூரை திறந்தே இருக்கும், தொப்பி எடுத்து வாருங்கள். ஐஸ் வேண்டாம்.