ஐம்பது எம்எம் லென்சும் பின்னால் நின்ற சனமும்

கலியாண வீட்டில் கறிக்கு உப்பு கூடினால் சமையல்காரரை ஒருநாள் திட்டுவார்கள். படம் பிழைத்தால் எங்களைப் பேரப்பிள்ளை காணும்வரை திட்டுவார்கள்.

கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாங்கிக்கட்டிய சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும். கிளிநொச்சியில் ரூபன் அண்ணையின் ஸ்ரூடியோவில் சேர்ந்தபோது என் வேலை லைட் பிடிப்பது, பை தூக்குவது, மாப்பிள்ளையின் வேட்டி நழுவினால் கண்ணை வேறுபக்கம் திருப்புவது. ஒருநாள் அண்ணை மனமிரங்கினார். இந்தச் சீசன் முழுக்கக் கமராவோடு வா, சரிவந்தால் கலியாணங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன், பிழைத்தால் கடைக்குள் இருந்து பாஸ்போட் படத்துக்கு வருகிறவர்களை நாடியைத் தூக்கச் சொல்லிக்கொண்டிரு என்றார்.

அந்தச் சந்தோசப் புளுகத்தில் ஓர் ஐம்பது எம்எம் பிரைம் லென்ஸ் வாங்கினேன். அதில் சூம் கிடையாது. ஆளைப் பெரிதாக எடுக்க வேண்டுமென்றால் நடந்து கிட்டப் போக வேண்டும். ஆனால் அதன் கண் ஒன்று தசம் எட்டு வரைக்கும் அகலத் திறக்கும்; இலக்கம் குறையக் குறையத் திறப்புப் பெரிது. இருட்டு வீட்டிலும் படம் விழும். முன்னால் நிற்பவர் பளிச்சென்று இருக்க, பின்னால் உள்ளதெல்லாம் பஞ்சுபோலக் கரைந்துவிடும். வன்னியில் ஒன்றையும் விடாமல் கரைத்துத் தீர்ப்பது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மூக்குத்திக்கு வந்த வாழ்வு

முதலில் அகப்பட்டது உருத்திரபுரத்தில் ஒரு மணப்பெண். முழுக்கத் திறந்த லென்ஸோடு முகத்துக்குக் கிட்டப் போனால் கூர்மை ஒரு நூல் அளவுக்குத்தான் விழும் என்பது எனக்குத் தெரியாது. கமராவின் குட்டித் திரையில் எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. கடைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தால், மூக்குத்திக் கல்லின் பட்டைகளைக்கூட எண்ணலாம். கண் இரண்டும் இப்போதுதான் நித்திரையால் எழும்பியவை மாதிரி இருந்தன.

அல்பம் பார்க்க வந்தவளுக்கு இது கலைநயம், வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் என்று விளக்கம் கொடுத்தேன். கண்ணுக்கு மை தீட்டுவதற்கென்றே விடியமுதல் எழும்பி இருந்தவள் அவள். படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள்: “ஏனக்கா, தாலி கட்டினது எனக்கோ, மூக்குத்திக்கோ?”

பின்னுக்குப் பின்னுக்கு

கனகராயன்குளத்தில் ஒரு குடிபுகுதல். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, சின்ன விறாந்தை, குடும்பமோ பெரியது. ஒரே ஒரு சூம் லென்ஸும் ரூபன் அண்ணையின் கையில் இருந்ததால் எனக்கு என் ஐம்பதுதான் கதி. எல்லாரையும் ஒரு படத்துக்குள் அடக்குவதற்கு ஓரடி பின்னால் போனேன். எங்கள் சனத்தின் மரியாதையை நான் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளை தூரப் போகிறாள், நாங்கள் கிட்டப் போவோம் என்று அவர்களும் ஓரடி முன்னால் வந்தார்கள். நான் படியிறங்கினேன், அவர்களும் இறங்கினார்கள். நான் கிணற்றடிக்குப் போனேன். புதுச்சேலை சரசரக்க அவர்களும் வந்துவிட்டார்கள்.

பெரியவர்களைப் பார்த்து அங்கேயே நில்லுங்கோ என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் வேலியோரத்தில் வைத்துத்தான் படம் விழுந்தது. எந்த வீட்டுக்காக இத்தனை பேரும் கூடினார்களோ அந்த வீடு எங்கோ பின்னால் பால்கஞ்சி மாதிரித் தெரிந்தது. வீட்டுக்காரர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளை, இன்னும் கொஞ்சம் போனமெண்டால் வவுனியா பஸ்ஸையே பிடிச்சிடலாம்.”

போர்ட் தெரிய வேணும்

விசுவமடுவில் தோட்டம் செய்யும் ஓர் அம்மாவுக்கு ஒரு நிறுவனம் தண்ணீர் இறைக்கும் மெசின் கொடுத்தது. மெசின் சின்னது, கொடுத்தவர்களின் பெயர்ப் போர்ட் பெரியது. அதற்கு முன்னால் அந்த அம்மாவை நிறுத்தி நான் எடுத்த படத்தை இன்றைக்கும் கூச்சமில்லாமல் காட்டுவேன். முகத்தில் வெயிலும் சலிப்பும் அப்படியே விழுந்திருந்தன. போர்ட் மட்டும் நீலமும் வெள்ளையுமாகக் கரைந்து, கொடியில் காயப்போட்ட சேலையோ என்று நினைக்கும்படி கிடந்தது.

கூட வந்த உத்தியோகத்தருக்கு முகம் கறுத்துவிட்டது. மேலிடத்துக்கு இவவின் முகம் தேவையில்லை, போர்ட்டில் உள்ள எழுத்துத்தான் போய்ச்சேர வேண்டும் என்றார். அம்மாவை இடப்பக்கம் தள்ளினோம். நிறுவனத்தின் பெயர் மறைந்தது. வலப்பக்கம் தள்ளினோம், காசு கொடுத்த நாட்டின் கொடி மறைந்தது. அப்படியானால் இவவைக் கீழே குந்தச் சொல்லுங்கள் என்றார் உத்தியோகத்தர். அம்மா குந்தவில்லை. சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு உத்தியோகத்தரிடம் சொன்னார்: “போர்ட்டை மட்டும் எடுங்கோ தம்பி. நான் போய்க் கச்சானுக்குத் தண்ணி விடப்போறன்.”

கனடா அத்தை

பரந்தனில் பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்திய வீடு. பிள்ளைக்குப் பின்னால், கனடாவிலிருந்து வந்த அத்தை சரிகைச் சேலையும் கழுத்து நிறைந்த நகையுமாக நின்றார். என் லென்ஸின் புண்ணியத்தில் பிள்ளை தேவதை மாதிரி வந்திருந்தாள், அத்தை மஞ்சள் நிறப் புகையாகிவிட்டார். படத்தைக் கண்டதும் நேரே கடைக்கே வந்துவிட்டார் மனுசி. ரூபன் அண்ணை கதிரை போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, அக்கா அக்கா என்று குழைந்து பார்த்தும் அவர் ஆறவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தது பின்னால புகையா நிக்கிறதுக்கோ?”

சுவரில் இருந்தவர்

அத்தை போன கையோடு அண்ணை முடிவாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறைப்பாடு வந்தால் எனக்குப் பாஸ்போட் படம்தான். ஆனால் அடுத்த கிழமை ஒரே நாளில் இரண்டு கலியாணம் வந்து விழுந்ததில், வேறு வழியில்லாமல் ஒன்றுக்கு என்னைத் தனியாக அனுப்பினார். முள்ளிவாய்க்காலில் கடற்தொழில் செய்யும் வேதக்காரக் குடும்பம். மாதா கோயிலில் எல்லாம் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் மணப்பெண்ணின் தாய் இருவரையும் முன்னறைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். சுவரில் பெண்ணின் தகப்பன் இருந்தார். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். சண்டையின் கடைசியில் காணாமல் போனவர். படத்துக்கு மாலை இல்லை, முன்னால் மெழுகுதிரியும் இல்லை. அது ஏன் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

நான் பழக்கதோசத்தில் லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்துவிட்டேன். மாப்பிள்ளையும் பெண்ணும் அவ்வளவு வடிவு. தாய் பார்க்கக் கேட்டபோது பெருமையாகத்தான் நீட்டினேன். கனநேரம் பார்த்தார். பிறகு இருவரின் தலைகளுக்கும் நடுவில் தெரிந்த சாம்பல் நிற மங்கலில் விரலை வைத்து, “அவர் ஒருக்கால் காணாமல் போனது போதும் பிள்ளை” என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார், எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

இருவரையும் சுவரோடு ஒட்டி நிறுத்தி, பின்னால் இருப்பவரும் தெளிவாக விழ லென்ஸின் திறப்பை எட்டுக்குச் சுருக்கினேன். படம் இருண்டுபோயிற்று. பிளாஷ் அடித்தால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தகப்பனின் முகமே வெள்ளையாகிவிடும். யன்னல் சீலைகளைக் கழற்றி, குறைந்த வெளிச்சத்திலும் படம் விழவைக்கும் கமராவின் ஐஎஸ்ஓவை ஏற்றக்கூடிய மட்டும் ஏற்றி, இருவரையும் மூச்சு விடாதேங்கோ என்று வெருட்டித்தான் எடுத்தேன். அப்படி ஏற்றியதில் படம் முழுக்க உப்புத் தூவியதுபோலப் புள்ளி. கடையில் அதைப் பார்த்த அண்ணை, சனத்தின் கண்ணில் படமுதல் அழித்துவிடு என்றார். நான் அழிக்கவில்லை. தாய் படங்களைத் தெரிந்தெடுக்க வந்தபோது, கலியாண வேலை போனால் போகட்டும் என்று அதையும் நடுவில் வைத்தேன். நான் கரைத்து வைத்த அழகான படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அதை எடுத்துப் பெரிய பிரேம் போடச் சொன்னார். பெருப்பித்தால் புள்ளி இன்னும் கூடும், கடைக்கும் மரியாதையில்லை என்று அண்ணை இழுத்தார். தாய் படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்: “புள்ளி கிடக்கட்டும் தம்பி. மூண்டு பேரும் இருக்கினம்.”

இப்போது கலியாணங்களுக்குத் தனியாகத்தான் போகிறேன். என் படங்களில் எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள், அழகாகத்தான் ஒருவரும் இல்லை, அதைப் பற்றி இன்றுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை.