அண்ணனோடு நாங்கள் போகாத மட்டிப் பயணம்

எங்கள் அன்புக்குரிய அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் திட்டம் போட்ட மட்டிப் பயணத்துக்கு ஒரு தடவையாவது "கட்டாயம் வர்றோம்" என்று சொன்னவர்கள்தான் உங்களில் பெரும்பாலானோர். ஆகவே இதை வாசிக்கும்போது கொஞ்சம் சுருக்கென்று இருக்கலாம். இருக்கட்டும்.

அண்ணனின் நற்குணங்களை எழுதித் தரும்படி தங்கையாகிய என்னைக் கேட்டார்கள். முதலில் அதைச் செய்துவிடுகிறேன். அண்ணன் ரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா இளவயதிலேயே தவறிப்போனதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கலேவெலச் சந்தையில் ஒரு காய்கறி லொறியில் உதவிக்கு ஏறினார். சில வருடங்களில் அதே லொறியை ஓட்டத் தொடங்கினார். பெரியக்காவையும் என்னையும் கரைசேர்த்த பிறகே அண்ணியைக் கைப்பிடித்தார். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார், கலேவெலயில் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். யாரையும் எடுத்தெறிந்து பேசியதில்லை. யார் எதைக் கேட்டாலும் "சரி" என்பார். இந்தக் குணத்தைத்தான் இழவு வீட்டில் ஆளாளுக்குப் புகழ்ந்தீர்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய ஒரே ஆசையை நடக்கவிடாமல் செய்தது அந்தக் குணம்தான்.

அந்த ஆசை வந்த கதை இது. பூசணிக்காயும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு அண்ணன் திருகோணமலைப் பக்கம் அடிக்கடி போவார். ஒரு தடவை கிண்ணியாவுக்கு அப்பால் லொறி பழுதாகி நின்றுவிட்டது. கரையோரத்தில் மீன்பிடித்து வாழும் ஒரு தம்பதியர் அவருக்குப் படுக்க இடம் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் முழங்காலளவுத் தண்ணீரில் இறக்கி, சேற்று மணலில் புதைந்து கிடக்கும் மட்டிச் சிப்பியைத் தோண்டக் காட்டிக்கொடுத்தார்கள். அதை ஓட்டோடு அவித்து, துருவிய தேங்காய்ப்பூவும் மிளகாயும் போட்டுப் பிரட்டிக் கொடுத்தார்களாம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். எங்களுக்கென்று ஒரு பை நிறையக் கொண்டும் வந்தார். ஹபரணை வெயிலில் வரும் வழியிலேயே அது நாறிவிட்டது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தார்.

"கொண்டாந்து திங்கிற சாமான் இல்ல இது. நாம எல்லாரும் அங்க போவோம். லொறிப் படங்கக் கூடாரமாக் கட்டி ஒரு ராத்திரி தங்கிட்டு, காலையில நாமளே தோண்டி அங்கயே அவிச்சுத் திம்போம்" என்றார் அண்ணன். எங்கள் பரம்பரையில் யாரும் கடற்கரையில் படுத்ததில்லை. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஒரு வேன் போதும் என்று கணக்குப் போட்டோம்.

அங்கேதான் வினை பிடித்தது. அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பா காதில் விஷயம் விழுந்தது.

"அம்புட்டுத் தூரம் போயிட்டு கோணேசரக் கும்பிடாம வர்றதா? என்னா பேச்சு இது?"

"சரி சித்தப்பா" என்றார் அண்ணன்.

பயணத்தில் கோணேசர் கோயில் சேர்ந்தது. கோயில் என்றால் விரதம். விரதம் என்றால் வீட்டில் மீன் வாடையே கூடாது. அப்படியானால் முதலில் மட்டி, மறுநாள் குளித்துவிட்டுக் கோயில் என்றேன். "மட்டியத் தின்ன வாயோட சாமி வாசல மிதிக்கிறதா?" என்றார் சித்தப்பா. சரி, முதலில் கோயில், பிறகு மட்டி என்றேன். "கோயிலுக்குப் போனா நேரா வீட்டுக்குத்தான் வரணும். இதுகூடத் தெரியாமயா வளந்த?" என்றார். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. கடைசியில் கோயிலுக்கு மட்டும் போய்வந்தோம். வேனை அண்ணன்தான் ஓட்டினார். கிண்ணியாவுக்குத் திரும்பும் சந்தியில் வேகத்தைக் குறைத்தார்.

"என்னா தம்பி, டயர் போயிருச்சா?" என்று பெரியக்கா கேட்டார்.

"இல்லக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி வேகம் பிடித்தார்.

அடுத்த வருடம் பெரியக்கா தன் பேரனுக்கு மொட்டையடிக்கும் நேர்த்தியைப் பயணத்தோடு சேர்த்துவிட்டார். வேன் பஸ் ஆனது. மட்டி என்ற பேச்சையே காணோம். அதற்கடுத்த வருடம் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. இன்னொரு வருடம் எல்லாம் கூடிவந்த நேரத்தில் தோட்டத்து மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள், திருவிழா முடியும்வரை வெளியூரில் தங்கக் கூடாது. தள்ளிப்போட்டால் மழைக்காலம் வந்துவிடும், கிழக்குக் கடலில் யாரும் கால் வைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் படங்கை எடுத்து வெயிலில் காயப்போடுவார், பிறகு மடித்து வைப்பார்.

"அண்ணே, கோயிலுக்கு வேற நாள் போவோம்னு சொல்லுங்க. வாயிருக்குல்ல?" என்று சண்டை பிடித்தேன்.

"விடும்மா. பெரிய மனுசன் மனசு நோகும். அடுத்த தடவ பாத்துக்குவோம்" என்றார்.

அந்த அடுத்த தடவை வரவில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வந்த சித்தப்பா கட்டிலருகில் நின்று, "நல்லபடியா எந்திரிச்சு வா. கோணேசருக்கு ஒரு அர்ச்சன பண்ணிட்டு வருவோம்" என்றார். அண்ணன் அப்போதும் "சரி சித்தப்பா" என்றார். அந்த வாரமே எங்களைத் தவிக்க விட்டுப் போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று சித்தப்பா சபையில் சொன்னார்: "துக்க வீடு. ஒரு வருஷத்துக்கு யாரும் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது." எல்லோரும் தலையாட்டினோம். சில மாதம் கழித்து, நான் வேலை செய்யும் தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒரு வருடம் எந்தப் பயணத்திலும் யாராலும் ஒரு கோயிலைக் கொண்டுவந்து சொருக முடியாது! அண்ணன் செத்துத்தான் அந்தக் கிண்ணியாச் சந்தி திறக்க வேண்டுமா என்று கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

கடல் அமைதியாக இருந்த ஆனி மாதத்தில் அண்ணியிடம் சொல்லி வேன் பேசினேன். சித்தப்பா கொதித்தார்.

"துக்க வருஷத்துல உல்லாசப் பயணமா? நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"கோயிலுக்குத்தான் போகக்கூடாதுன்னு சொன்னீங்க சித்தப்பா. கடலுக்குப் போகக்கூடாதுன்னு சொல்லலயே" என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

புறப்படும் காலையில் வேனடியில் ஒரு கட்டு வாழையிலையோடு நின்றார். "கடக்கரையில எல எங்க கெடைக்கும்? அவனுக்குப் படைக்கணும்ல" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். இத்தனை வருடம் எட்டாத இடம், மதியத்துக்குள்! அந்தத் தம்பதியர் நாங்கள் யாரென்று கேட்டார்கள், அண்ணன் போனதையும் சேர்த்துச் சொன்னோம். அந்த அம்மா கலங்கிப்போய், "ஒவ்வொரு வருஷமும் குடும்பத்தோட வாறன் எண்டு சொல்லுவாரு. நானும் பெரிய சட்டியக் கழுவி வெச்சிட்டுப் பாத்திட்டு இருப்பன்" என்றார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படங்கைக் கட்டித் தங்கினோம். காலையில் தண்ணீரில் இறங்கினோம். காலால் துழாவினால் பெருவிரலில் கல் மாதிரி தட்டுப்படுகிறது. குனிந்து அள்ள வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகூடச் செய்யும். இந்த லேசான காரியத்துக்கா அந்த மனிதரை இப்படி இழுத்தடித்தோம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதல் சட்டி அவித்ததை இலையில் அண்ணனுக்கு வைத்தோம். சித்தப்பாதான் முதலில் கும்பிட்டார்.

அண்ணனின் இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், சந்தையில் கடையடைத்துவிட்டு வந்த வியாபாரிகளுக்கும், பந்தல் போட்ட, சமைத்த அயலவருக்கும், அவரைக் கவனித்த தாதியருக்கும், எங்களுக்குச் சட்டியும் அடுப்பும் தந்த கடற்கரைக் குடும்பத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோபத்தில் எழுதியவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றையும் திருப்பி எடுக்கப்போவதில்லை.

முடிவாக, அண்ணிக்கு நன்றி. கரையில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சித்தப்பா சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. வருஷாவருஷம் வரலாம். திவசம் முடிஞ்சிட்டா தடையும் இல்ல, அப்பிடியே கோயிலுக்கும் ஒரு நட போயிட்டு…"

இத்தனை வருடத்தில் சித்தப்பாவுக்கு எதிரே ஒரு வார்த்தை பேசியறியாத அண்ணி, சட்டி தேய்ப்பதை நிறுத்தாமலே, "இல்ல மாமா, அது முடியாது. இது அவரு பயணம்" என்றார்.

குடி ஒன்றும் முழுகிப்போகவில்லை. சித்தப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அப்பன்னா கோயிலுக்கு வேற ஒரு நாள் போவோம்" என்றார்.

இவ்வளவுதான் அண்ணே. ஒரே ஒரு தடவை நீங்கள் சொல்லியிருக்கலாம்.