‘நிக்கல’ என்று எழுதிய பெண்

இரும்புலியூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த சிறிய கிளினிக்கில், வாரம் மூன்று நாள் மாலையில் ஆலோசகராக இருந்தேன். பகலில் பெருங்களத்தூர்ப் பள்ளி ஒன்றில் அதே வேலை. கிளினிக் படியேறும்போதே கால் கெஞ்சும்.

கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தவிக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்காக கிளினிக் டாக்டர் ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருந்தார். பிள்ளைகள் வீட்டில் தாங்களே படித்துச் செய்ய வேண்டும். வாரத்துக்கு இருபது நிமிடம் நான் கூட உட்கார்ந்து வழிகாட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கியது நான்தான். நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிடுவதற்கு ‘மிகையுணவு நிகழ்வு’ என்று ஒரு சொல்லை உண்டாக்கி, கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

பம்மலிலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி அம்மாவோடு ஷேர் ஆட்டோவில் வருவாள். எப்போது, எங்கே, என்ன சாப்பிட்டாள், மனசு எப்படி இருந்தது என்று அவள் எழுத வேண்டிய நோட்டு, முதல் இரண்டு வாரமும் காலியாகவே வந்தது.

“ஏம்மா எழுதல?”

“இதுல போட்டிருக்கறது நான் இல்லக்கா. சயின்ஸ் புக் மாதிரி கீது.”

“சரி, நீ எப்படிச் சொல்லுவ?”

காலி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “போதும்னு தெரியும்க்கா. வயிறு வலிக்கும். ஆனா கை நிக்காது. ‘நிக்கல’ன்னு எழுதட்டா?”

எழுதச் சொன்னேன். அவள் போனதும் புத்தகத்தின் மிச்சமிருந்த பிரதிகளில் என் சொல்லை அடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் நோட்டில் இருந்தது: ‘செவ்வாய், சாயங்காலம் அஞ்சு மணி. வீட்ல யாரும் இல்ல. பிரெட் ஒரு பாக்கெட், மத்தியானச் சோறு, சர்க்கரை. நிக்கல. அழுதேன்.’ ஐந்து நாள் அப்படி. காலைக்கும் மதியத்துக்குமான கட்டங்கள் எல்லா நாளும் வெறுமை.

அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டால்தான் சாயங்காலம் இப்படி இழுக்காது என்றேன்.

“காலைல சாப்டாம போனா உடம்பு எளைக்கும்னு நான்தான் மேடம் சொன்னேன்,” என்றார். அன்று ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தார்.

மறுநாளிலிருந்து இட்லி கட்டாயமானது. வாரத்தில் ஐந்து நாள் ‘நிக்கல’ என்றிருந்தது மெல்ல இரண்டு நாளாயிற்று. பிறகு ஒரு கல்யாண வீட்டில் யாரோ உறவுக்காரர், “இன்னும் ஊதிட்டியே” என்று சிரித்தாராம். இரண்டு வாரம் அவள் வரவில்லை. போன் செய்தேன்.

“எல்லாம் வேஸ்ட்க்கா. மறுபடியும் அஞ்சு நாள்.”

அன்று பள்ளியிலும் ஓயாத பேச்சு. தைரியம் சொல்ல என்னிடம் வார்த்தை மிச்சமில்லை. “நோட்டுல எழுதினியா?” என்று மட்டும் கேட்டேன்.

“எழுதினேன்.”

“அப்ப எடுத்துகிட்டு வா.”

வந்தாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினோம்.

பயிற்சி முடிந்தபோது, அது பத்து நாளைக்கு ஒருமுறை என்றாகியிருந்தது. முழுசாகப் போகவில்லை. டாக்டரிடம் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அந்த அம்மா போனில் கூப்பிட்டார். “கஷ்டமா இருந்தா இப்ப சொல்றா மேடம். ‘கொஞ்ச நேரம் கூட உக்காரும்மா’ங்கறா. உக்கார்றேன்.”

“நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“டயர்டா இருக்கு மேடம்,” என்றார். “ஆனா உக்கார்றேன்.”