ஜம்புலிங்கத்தின் மூன்று நாள் நேப்பிள்ஸ்

மெட்ராஸிலிருந்து கப்பலேறி வரவேண்டிய ஒரு தீவில், ஹேடோ குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுச் சிமெண்டுத் தரையில் கொஞ்ச காலம் இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரம் இருந்தது. சாக்கட்டியால் அதை வரைந்து வைத்திருந்தவர் ஜம்புலிங்கம், துறைமுக லாஞ்சில் எஞ்சின் டிரைவர். அவர் மனைவி மரகதம் தினமும் காலையில் நகரத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத் தரையைப் பெருக்குவாள். என் பிள்ளைகள் குறுக்கே ஓடினால், “டேய், கடலை மிதிக்காதீங்கடா!” என்று அவர் உள்ளே இருந்து கத்துவார். நாற்பது வயதைத் தாண்டிய மனுஷனுக்கு இப்படி ஒரு கிறுக்கா என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். சிரிப்பாரே தவிரக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறுபத்து நாலாம் வருஷத் தொடக்கம் அது. தீவுகளுக்கு நடுவே ஓட்டுவதற்கு ஒரு சின்னக் கப்பலை நேப்பிள்ஸில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் போய் எடுத்து வர ஆள் பொறுக்கியபோது எஞ்சின் பக்கத்துக்கு ஜம்புலிங்கத்தின் பெயர் வந்தது. மெட்ராஸ் வழியாகப் போய், பம்பாயில் கூடிப் புறப்படவேண்டும். ஆட்கள் நேப்பிள்ஸ் போய்ச் சேரும் நேரம் அங்கே ஈஸ்டர். மூன்று நாள் பட்டறை பூட்டியிருக்கும், அதற்குப் பிறகுதான் கப்பல் கைக்கு வரும், அதுவரை ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்று ஆபீஸர் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாள்தான் ஜம்புலிங்கத்தைப் பிடித்துக்கொண்டது. கப்பலைப் பற்றி அவர் பேசிக் கேட்டதே இல்லை.

அவருக்கு அது ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று எனக்குத் தெரியும். இருபது வயதில் கடலூரிலிருந்து இங்கே வந்தவர். அதன்பிறகு எடுத்த சுட்டி, லீவெல்லாம் தங்கைகள் கல்யாணம், அப்பா காரியம், நிலத் தகராறு என்றே போயிற்று. போதாததற்கு மேன்லேண்ட், அதாவது இந்தியக் கரைக்குப் போகிறவர் தலையில் குவார்ட்டர்ஸே மூட்டை ஏற்றும். இந்த வீட்டுக்கு ஊறுகாய் ஜாடி, அந்த வீட்டுக்குத் தையல் மெஷின் தலை. நானே ஒரு தடவை ஆட்டுக்கல் கேட்டிருக்கிறேன், கொண்டுவந்தும் கொடுத்தார். லீவு முடிந்து ஹேடோவில் இறங்கும்போது மனுஷன் போனதைவிட இளைத்திருப்பார். ஒரு ஊரில், தன்னை யாரும் தேடாத இடத்தில், கையை வீசிக்கொண்டு நடந்ததே இல்லை அவர்.

இந்தத் தடவை மரகதம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “யார்கிட்டயும் சாமான் சொல்ல விடாதீங்க. எனக்கும் ஒண்ணும் வேணாம். போய் உங்க கண்ணால பாத்துட்டு வாங்க, போதும்.” அவரும் முதல் தடவையாக எல்லோருக்கும் இல்லை என்றார். கண்ணாடி டம்ளர் கேட்ட எனக்குக்கூட இல்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

மெஸ்ஸில் சமையல் செய்த நாகமுத்து உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தோடு நேப்பிள்ஸில் இருந்தவர். அவரைச் சாயங்காலங்களில் கூட்டிவந்து உட்காரவைத்து, டீ கொடுத்துக் கொடுத்து நகரத்தைக் கறந்தார் ஜம்புலிங்கம். துறைமுகத்திலிருந்து இடது பக்கம் நடந்தால் கடலுக்குள்ளேயே ஒரு கோட்டை. சந்துகளில் எதிரெதிர் மாடிக்குக் கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள். ரயிலேறிப் போனால் எரிமலைச் சாம்பலில் புதைந்து, பிறகு தோண்டியெடுத்த பழைய ஊர். தலைக்கு மேலே அந்த மலை. எல்லாம் தரையில் ஏறியது. முதல் நாள் கோட்டையும் கடற்கரையும், இரண்டாம் நாள் புதைந்த ஊர் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாளுக்கு மட்டும் அவர் கோடே போடவில்லை.

கூடவே உட்கார்ந்திருந்த கோவிந்தராஜ் அதைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்தான். “மூணாம் நாள் என்ன பண்ணப் போற ஜம்பு?”

“சும்மா உக்காரப் போறேன். ஒரு சவுக்குல, நாலு தெரு கூடற எடத்துல, நாற்காலி போட்டு காபி விப்பாங்களாம். குடிச்சிட்டு, போறவன் வர்றவனப் பாத்துட்டு இருப்பேன்.”

“சும்மா உக்காரவா இத்தாலி போற? சும்மா உக்கார நம்ம அபர்தீன் பஜார் போதாதா?”

இந்தக் கோவிந்தராஜ், வருகிற கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட் போட்டில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவன். ஜம்புலிங்கத்துக்குத் தம்பி மாதிரி, அந்த வீட்டில் சாப்பிடாத நாள் குறைவு. நேப்பிள்ஸ் போகிறவர்களில் யாராவது நின்றுவிட்டால் அடுத்துப் போகவேண்டியவன் அவன்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அவன் ஆர்வமாகக் கேட்பதைப் பார்த்து, பாவம், வாய்க்கவில்லையே என்று இரக்கப்பட்டேன். என் இரக்கத்தில் மண்ணைப் போட.

டர்ன் கொடுப்பது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மேன்லேண்ட் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதக்கணக்கில் காத்திருந்துதான் ஒருவருக்கு டர்ன் வரும். ஆனால் யார் வீட்டிலாவது சாவு, சாகக் கிடக்கிறார்கள் என்றால், டர்ன் வந்தவர் தன் இடத்தை அவருக்கு விட்டுக் கொடுப்பார். தந்தி வந்ததா, காட்டு என்று கேட்கமாட்டோம். கேட்பது கேவலம். ஆபீஸிலும் பெயரை மாற்றி எழுதிக்கொள்வார்கள். தமிழர், வங்காளி, மலையாளி, எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். ஜம்புலிங்கம் அப்படிப் பல தடவை தன் இடத்தைக் கொடுத்திருக்கிறார்.

ஜம்புலிங்கம் ஏறவேண்டிய மெட்ராஸ் கப்பல் புறப்படுகிற அன்று காலையில் கோவிந்தராஜ் அலங்கோலமாக ஓடி வந்தான். மரகதம் வழிக்குக் கட்டுசாதம் கட்டிக்கொண்டிருந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

“ஜம்பு, எங்கம்மா சாகக் கிடக்குது. எனக்கு டர்ன் குடு ஜம்பு. கல்கத்தா ஜஹாஜ் அஞ்சு நாள்ல வந்துடும், நீ அதுல ஏறிடு. டைமுக்கு பம்பாய் போய்ச் சேந்துடலாம், பக்கா.”

மரகதம் கணவனை உள்ளே கூப்பிட்டாள். “இவன்தானே உங்களுக்கு அடுத்த ஆளு?” என்றாள் மெல்ல.

“அரே, பெத்த தாயச் சாகடிச்சு எவனாவது பொய் சொல்லுவானா? என்ன பேச்சு பேசற?” என்று அவர் அவளை அடக்கிவிட்டார். கட்டிய சாதத்தையும் அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார். கப்பல் நிற்கும் ஜெட்டி வரைக்கும் போய்த் தேற்றி ஏற்றிவிட்டும் வந்தார்.

கல்கத்தா கப்பல் வரவில்லை. ஜம்புலிங்கம் தினமும் ஜெட்டிக்குப் போய்ப் பார்த்தார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, பைலட் போட்டின் தலைவரான சாரங்கிடம் விசாரித்திருக்கிறார். அந்த மனுஷர் ஆச்சரியப்பட்டார். “அது ரிப்பேருக்கு டிரை டாக்ல ஏறி எவ்வளவு நாளாச்சு! எங்களுக்குத்தான் முதல்ல சேதி வரும். நம்ம கோவிந்தராஜ்தானே சேதியக் கொண்டாந்தான், உங்கிட்ட சொல்லலியா?”

ஜம்புலிங்கம் பம்பாய்க்குத் தந்தி கொடுத்தார். உங்களுக்குப் பதிலாக கோவிந்தராஜ் வந்து சேர்ந்துவிட்டார், நீங்கள் வரத் தேவையில்லை என்று பதில் வந்தது.

அன்றைக்கு அவர் கத்துவார், எதையாவது போட்டு உடைப்பார் என்று நான் வாசலிலேயே நின்றேன். ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நார்த் துடைப்பமும் எடுத்துவந்து தரையைக் கழுவினார். கோட்டை, கடற்கரை, ரயில் பாதை எல்லாம் வெள்ளைத் தண்ணீராகச் சாக்கடைக்குப் போயிற்று. “ஒருவேளை அவங்கம்மாவுக்கு நெஜமாவே முடியலயோ என்னவோ” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அவனை நினைத்துப் பாதி, இந்த மனுஷனை நினைத்துப் பாதி.

மழைக்காலம் தொடங்கும் முன் புதுக் கப்பல் வந்தது. மெட்ராஸில் நின்று, ஆட்களின் வீட்டார் சிலரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. ஹேடோவே ஜெட்டியில் கூடியது. கயிறு வாங்கிக் கட்டுகிற வேலையில் அன்று ஜம்புலிங்கம் இருந்தார். கோவிந்தராஜ் புதுச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கினான். நேரே அவரிடம்தான் வந்தான். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

“ஜம்பு! உன் பிளான்படியே சுத்தினேன்யா. அந்த மூணாம் நாள் இருக்கே, சும்மா உக்காந்தேன் பாரு, அதான் அசல் மஜா!” என்று தோளில் கை போட்டான்.

ஜம்புலிங்கம் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார். “அம்மா எப்படி இருக்காங்க?” என்று மட்டும் கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள், பலகைப் படியில் ஒரு அம்மாள் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். ஒரு கையில் முறுக்கு டின், இன்னொரு கையில் துணி மூட்டை. கடல் பயணம் செய்த களைப்புக்கூட முகத்தில் இல்லை. “யாருப்பா ஜம்புலிங்கம்? நான்தான் கோவிந்தராஜோட அம்மா, விசாலாட்சி. ஒனக்குக் கடல்னா பயம், அதான் நீ என் புள்ளைக்கு வுட்டுக் குடுத்தேன்னு சொன்னான். நல்லா இருக்கணும்பா நீ!”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தினமும் கடலிலே லாஞ்ச் ஓட்டுகிறவருக்குக் கடல் பயமாம்.

ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. “அம்மா, மாசி மாசத்துல உங்களுக்கு உடம்பு ரொம்ப முடியலியா?” என்றார்.

“எனக்கா? ஒரு தலவலிகூட இல்லியே. யாரு சொன்னது?”

“சாகக் கிடக்கறீங்கன்னு உங்க புள்ளதாம்மா சொன்னான். உங்களப் பாக்கத்தான் என் டர்ன வாங்கிட்டுப் போனான்.”

கோவிந்தராஜ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அந்த அம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். “மெட்ராஸ்ல எறங்கி என் வாசப்படிகூட மெறிக்காம பம்பாய்க்கு ஓடினியே, அவசர வேலன்னு. என்னைச் சாவடிச்சிட்டாடா போன?” என்றாள். அவன் ஏதோ விளையாட்டு, கீளையாட்டு என்று முணுமுணுத்தான். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மரகதத்தின் பின்னால் நடந்துவிட்டாள்.

கோவிந்தராஜ் தினமும் வந்து ஜம்புலிங்கம் வீட்டு வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டான். “செத்தவள எவன்டா வூட்டுக்குக் கூப்புடுவான், போடா” என்று அந்த அம்மாள் உள்ளே இருந்தே குரல் கொடுப்பாள். பகலில் அப்படி வீராப்பாக இருந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் மரகதத்தின் மடியில் தலை வைத்து அழுவாள். என்னை ஊருக்கு அனுப்பிவிடு, அவன் இருக்கிற மண்ணில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று ஜம்புலிங்கத்திடம் கெஞ்சினாள்.

அடுத்த மெட்ராஸ் கப்பலில் இடமே இல்லை. ஜம்புலிங்கம் ஆயுளில் யாரிடமும் டர்ன் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம். அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, லம்பா லைனில் இருந்த உதயசூரியன் வீட்டுக்குப் போனார். உதயசூரியனுக்கு அந்தக் கப்பலில் டர்ன் வந்திருந்தது. முன்பு ஒரு தடவை, ஜம்புலிங்கம் விட்டுக் கொடுத்த இடத்தில் ஏறிப்போய்த் தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். நல்ல மனுஷர்தான். என் வீட்டுக்காரரும் துணைக்குப் போயிருந்தார், அவர் வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன்.

உதயசூரியன் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு தலையைச் சொறிந்தார். “தப்பா நெனைக்காத ஜம்பு. கோவிந்தராஜ் விஷயத்துக்கப்புறம் நாங்க எல்லாம் பேசி முடிவு பண்ணியிருக்கோம். யாரு கேட்டாலும் தந்தியப் பாத்துட்டுத்தான் டர்ன் குடுக்கறது. தந்தி ஏதாவது இருக்கா?”

ஜம்புலிங்கம் டீ கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது நான் மரகதத்தோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். விசாலாட்சி அம்மாள் ஆவலாக எழுந்து நின்றாள். அவளைப் பார்க்காமல் மரகதத்தைப் பார்த்தார். நேப்பிள்ஸ் கைநழுவிப் போனபோது, தரையைக் கழுவியபோது, ஜெட்டியில் அத்தனை பேர் முன்னால் நின்றபோது, ஒரு சொட்டுக்கூடக் கண்ணீர் விடாத மனுஷன் அவர்.

“என்கிட்ட தந்தி கேக்கறாங்க மரகதம்” என்றார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.